பழைய குடியிருப்புப் பகுதி, புதிய நகரியம்: நீடித்த தன்மையை எப்படி ஒப்பிடுவது?

நகரியல் மாணவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நகரமைப்பு முதுநிலைப் படிப்பின் ஆய்வேட்டுக்காக இரண்டு குடியிருப்புப் பகுதிகளின் நீடித்த தன்மையை ஒப்பிட்டு வருகிறேன். ஒன்று, பல தலைமுறைகளாகத் தன்போக்கில் வளர்ந்த, குறுகிய தெருக்களும் ஒட்டி ஒட்டி அமைந்த வீடுகளும் கொண்ட பழைய பகுதி. மற்றொன்று, ஒரே நிறுவனம் திட்டமிட்டுக் கட்டி, பசுமைச் சான்றிதழும் பெற்றுள்ள புதிய நகரியம். பன்னாட்டு மதிப்பீட்டு முறைகளிலிருந்து 42 குறிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு குறிகாட்டியிலும் குறைந்த மதிப்பை 0 எனவும் உயர்ந்த மதிப்பை 100 எனவும் வைத்துப் பொது அளவுக்கு மாற்றி, அனைத்துக்கும் சம வெயிட்டேஜ் கொடுத்துச் சராசரி கண்டேன். புதிய நகரியத்துக்கு 69, பழைய பகுதிக்கு 31 வந்திருக்கிறது.

இந்த முடிவு எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பழைய பகுதியில் பெரும்பாலோர் நடந்தோ பேருந்திலோ வேலைக்குப் போகிறார்கள். நகரியத்தில் ஒரு மாத்திரை வாங்குவதற்குக்கூட வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் நகரியம் இரு மடங்குக்கும் மேல் மதிப்பெண் பெறுகிறது என்றால், பிழை என் கணக்கில் உள்ளதா, குறிகாட்டிகளில் உள்ளதா, அல்லது என் உள்ளுணர்வுதான் பழமையின் மீதுள்ள பற்றால் தடுமாறுகிறதா என்று தெரியவில்லை. பகுதியின் எல்லையை எங்கே வகுப்பது, வெயிட்டேஜை யார் முடிவு செய்வது என்ற ஐயங்களும் உள்ளன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நகரமைப்பாளர்:

வணக்கம். கணக்குக்குப் போவதற்கு முன், குறிகாட்டிகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். குடியிருப்புப் பகுதி அளவிலான மதிப்பீட்டு முறைகளில் பெயர்பெற்றவை ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. ஜப்பானின் காஸ்பீ முறையில் நகர்ப்புற மேம்பாட்டுக்கான பதிப்பு 2006-இலும், பிரிட்டனின் பிரீயம் கம்யூனிட்டீஸ் 2008-2009 வாக்கிலும் வந்தன, அமெரிக்காவின் லீட்-என்.டி. 2007-இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2009-இல் முழு வடிவம் பெற்றது. மூன்றுமே தனிக் கட்டடங்களை மதிப்பிடும் முறைகளைத் தெரு அளவுக்கு விரித்து உருவாக்கப்பட்டவை. இவற்றுக்கு விண்ணப்பிப்பவர் பெரும்பாலும், நிலத்தை ஒருசேரக் கையில் வைத்துக்கொண்டு வரைபடம் தீட்டி இனிமேல் கட்டப்போகும் நிறுவனம். எனவே அந்த நிறுவனத்திடம் கேட்கத் தகுந்தவையே கேள்விகளாக அமைந்தன: மழைநீரை எப்படி வடிப்பீர்கள், மின்சாரத்தை எப்படிச் சேமிப்பீர்கள், சைக்கிள் நிறுத்த இடம் விட்டிருக்கிறீர்களா என்பன போல. ஏற்கெனவே மக்கள் குடியிருக்கும், நூற்றுக்கணக்கான உரிமையாளர்களிடையே பிரிந்து கிடக்கும் ஒரு பகுதிக்கு இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குப் பதில் சொல்ல ஆளே கிடையாது. பதில் இல்லாத இடத்தில் நீங்கள் 0 போட்டிருந்தால், பழைய பகுதி தோற்பது தேர்வு தொடங்கும் முன்பே உறுதியாகிவிடுகிறது.

2013-இல் ஷரீஃபி, முரயாமா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு முறைகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையை அவசியம் படியுங்கள். சமூகம், பொருளாதாரம், நிர்வாகம் ஆகிய பக்கங்களில் பெரும்பாலான முறைகள் மெலிந்திருக்கின்றன என்பது அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று. எளிய வருவாய் உள்ளோருக்கான வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். லீட்-என்.டி.யில் அது விருப்பத் தேர்வுதான். அதை முழுவதும் விட்டுவிட்டு வேறு தலைப்புகளில் புள்ளிகளைத் திரட்டி உயர்ந்த சான்றிதழை வாங்கிவிட முடியும்.

எல்லை பற்றிய உங்கள் ஐயம் இதைவிட ஆழமானது. அமெரிக்க நகரமைப்பாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் முன்வைத்த குடியிருப்பு அலகு, ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போதுமான மக்கள்தொகையை உள்ளே வைத்து, சுற்றிலும் பெருஞ்சாலைகளை எல்லையாக வரைந்தது. இன்றும் பலர் அதே பழக்கத்தில் பெருஞ்சாலையை எல்லையாக்குகிறார்கள். ஆனால் கடைகளும் பேருந்து நிறுத்தங்களும் பெரும்பாலும் அந்தச் சாலையின் இரு மருங்கிலும்தான் இருக்கின்றன. நடுவில் கோடு போட்டால் பாதி கணக்கிலிருந்து விழுந்துவிடும். நகரியத்திலோ சிக்கல் வேறு வகையானது. அங்கே வீட்டு வேலை செய்பவர்கள், காவலாளிகள், தோட்டக்காரர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? மதிலுக்கு வெளியே என்றால், அவர்களுடைய வீட்டுத் தரமும் அன்றாடப் பயணமும் நகரியத்தின் கணக்கில் சேரவே சேராது. குப்பை எங்கே கொட்டப்படுகிறது, தண்ணீர் எங்கிருந்து லாரியில் வருகிறது என்பவையும் அப்படியே. காஸ்பீ முறையில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: கற்பனையான ஓர் எல்லையை வரைந்து, அதன் உள்ளே கிடைக்கும் தரத்தை, வெளியே ஏற்றப்படும் சுமையால் வகுக்கிறார்கள். அந்த வாய்பாட்டை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. உள்ளே இருப்பதையும் வெளியே தள்ளப்படுவதையும் ஒரே பட்டியலில் கலக்காமல் தனித்தனியாக எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எண்கணக்கன்:

மாணவி அவர்களே, உங்கள் இரண்டு மதிப்பெண்களையும் கூட்டிப் பாருங்கள்: 69 + 31 = 100. இது தற்செயல் அல்ல. இரண்டே இரண்டு பகுதிகளை வைத்துக்கொண்டு, குறைந்ததற்கு 0, கூடியதற்கு 100 என்று மாற்றினால் ஒவ்வொரு குறிகாட்டியிலும் ஒருவருக்கு முழு மதிப்பெண்ணும் மற்றவருக்குப் பூச்சியமும்தான் கிடைக்கும். இடைப்பட்ட மதிப்பே வராது. மர நிழல் ஓரிடத்தில் 20 சதவீதமும் மற்றோரிடத்தில் 21 சதவீதமும் இருந்தாலும் 0-வும் 100-ம்தான். 2-க்கு 40 என்றாலும் அதேதான். ஆக, உங்கள் 69 என்பது 42 குறிகாட்டிகளில் 29-இல் நகரியம் முந்தியிருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. எவ்வளவு முந்தியது என்ற செய்தி கணக்கின் முதல் படியிலேயே தொலைந்துவிட்டது.

இதற்கு மாற்று, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடாமல், வெளியே உள்ள ஓர் இலக்கோடு இரண்டையும் ஒப்பிடுவது. மரங்களுக்கு வேண்டுமானால், நகர்ப்புற வனவியலாளர் செசில் கோனிநெண்டைக் முன்வைத்த 3-30-300 விதி இருக்கிறது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்கள் கண்ணில் பட வேண்டும், பகுதியில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். இலக்கு இப்படி முன்கூட்டியே நிலைபெற்றிருந்தால், 20-க்கும் 21-க்கும் உள்ள வேறுபாடு அதன் உண்மையான சிறிய அளவிலேயே தெரியும்.

அடுத்தது, வகுக்கும் எண். எரிசக்தியை ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்றுதான் நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள். கட்டட மதிப்பீட்டு முறைகளில் அதுவே வழக்கம். எடுத்துக்காட்டாக, 150 சதுர மீட்டர் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 60 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,000 யூனிட், ஆளுக்கு 3,000. இன்னொரு வீடு 50 சதுர மீட்டர், நான்கு பேர், சதுர மீட்டருக்கு 100 யூனிட். மொத்தம் 5,000, ஆளுக்கு 1,250. சதுர மீட்டர் கணக்கில் முதல் வீடு சிக்கனமானது. ஆள் கணக்கில் அது இரண்டாம் வீட்டைப் போல இரு மடங்குக்கும் மேல் செலவழிக்கிறது. நெருக்கமாக வாழ்வதால் கிடைக்கும் சிக்கனம் சதுர மீட்டர் கணக்கில் ஒருபோதும் தென்படாது. இட நெருக்கடியைச் சிக்கனம் என்று போற்றிவிடும் ஆபத்து ஆள் கணக்கில் உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம்; இரண்டையும் காட்டுங்கள்.

சம வெயிட்டேஜ் என்பதும் பெயரளவில்தான் சமம். கூரைமேல் சூரியத் தகடு, கட்டடத்தின் எரிசக்தித் தரம், எல்.இ.டி. தெருவிளக்கு, சுவரின் வெப்பத்தடை ஆகியவை நான்கும் தனித்தனிக் குறிகாட்டிகளாக இருந்து, வாடகை பற்றி ஒன்றே ஒன்று இருந்தால், எரிசக்திக்கு வாடகையைப் போல நான்கு மடங்கு வெயிட்டேஜ் கொடுத்தாகிவிட்டது. முதலில் தலைப்புவாரியாகத் தொகுத்து, தலைப்புகளுக்கிடையே வெயிட்டேஜைப் பகிர்ந்துவிட்டு, பிறகு உள்ளே இறங்குங்கள். அதன்பின் வெயிட்டேஜை நியாயமான வரம்புக்குள் மாற்றி மாற்றிப் போட்டு, யார் முந்துகிறார் என்பது எத்தனை முறை தலைகீழாகிறது என்று பாருங்கள். அடிக்கடி மாறினால், உங்கள் தரவுக்கு வெற்றியாளரை அறிவிக்கும் வலு இல்லை என்று ஆய்வேட்டிலேயே எழுதிவிடலாம்; தேர்வாளர்கள் அதைக் குறையாகக் கொள்ள மாட்டார்கள்.

களஆய்வாளர்:

முன்னவர்கள் இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கணினியில் கூட்டிப் பெருக்குவதற்கு முன்னால், உள்ளே போகும் எண் எப்படிப்பட்டது என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஐந்து நிமிட நடை என்பதற்காக 400 மீட்டர் வட்டம் வரைவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ஜிஐஎஸ் எனப்படும் வரைபட மென்பொருளில் பூங்காவைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குள் விழும் வீடுகள் எல்லாம் பூங்கா வசதி உள்ளவை என்று கணக்கு. களத்தில் போய்ப் பார்த்தால், மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து பூங்காவின் ஊஞ்சல் தெரிகிற வீட்டுக்கும் பூங்காவுக்கும் நடுவே பூட்டப்பட்ட கம்பிக் கதவு இருக்கும். திறந்த வாயில் மறுகோடியில் இருக்கும். அங்கே போகச் சுற்றுச்சுவரை முழுவதும் வலம்வர வேண்டும். வட்டத்தில் 100 மீட்டர், காலுக்கு 700 மீட்டர். மதில்களும் முட்டுச்சந்துகளும் நிறைந்த நகரியங்களில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும்; சந்துகள் பின்னிக்கிடக்கும் பழைய பகுதியில் சிறிதாக இருக்கும். ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு, நடைவழிகளை வரைந்து, வாயிலிலிருந்து வாயிலுக்கு உள்ள தூரத்தை அளந்தால், உங்கள் உள்ளுணர்வு சொன்னது எண்ணிலும் தெரியத் தொடங்கலாம்.

நடைபாதையும் அப்படித்தான். வரைபடத்தில் ஒன்றரை மீட்டர் அகலம் என்று இருக்கும். நடுவே ஒரு மின்மாற்றி நின்றால், மிஞ்சும் இடத்தில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். சக்கர நாற்காலி சாலையில் இறங்கியாக வேண்டும். மொத்த நீளத்தை அளப்பதைவிட, தடையில்லாமல் தொடரும் நீளத்தை அளப்பது மேல். பேருந்து நிறுத்தத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் போதாது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்றும் கேட்க வேண்டும்.

மக்களிடம் கேட்கும்போது வீட்டு உரிமையாளரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சங்கக் கூட்டத்துக்கு வருபவர் அவர்தான், பேசவும் நேரம் உள்ளவர் அவர்தான். வாடகைக்கு இருப்பவர், கடையில் வேலை செய்பவர், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரின் பகுதி வேறு. முடிந்தால், அண்மையில் காலி செய்துகொண்டு போனவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் தேடிப் பிடியுங்கள். ஒரு பகுதி மேம்படுத்தப்பட்டு, வாடகை ஏறி, முன்பிருந்தவர்கள் வெளியேறி, வசதியானவர்கள் குடிவந்தால் பல குறிகாட்டிகள் தாமாகவே உயரும். யாருடைய வாழ்க்கையும் அங்கே உயர்ந்திருக்காது, ஆட்கள்தான் மாறியிருப்பார்கள்.

வீட்டுச் செலவை அளக்கும்போது போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வீட்டுக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் அது கட்டுப்படியாகும் இடம் என்று வரம்பு வைக்கிறது. சதவீதம் நாட்டுக்கு நாடு மாறலாம். சேர்த்துப் பார்ப்பது எங்கும் பொருந்தும். வாடகை மலிவாகத் தோன்றும் புறநகர் வீட்டின் உண்மையான விலை இரண்டு வண்டிகளின் எரிபொருளில் ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரியவரும்.

நகரியல் மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. எண்கணக்கன் ஐயா சொன்னது போல 42 குறிகாட்டிகளையும் தலைப்புவாரியாகப் பிரித்துப் பார்த்தேன்: 17 குறிகாட்டிகள் எரிசக்தி, நீர், கட்டுமானப் பொருள் ஆகிய மூன்றிலேயே குவிந்திருக்கின்றன. இவற்றைத் தொகுத்து, இலக்குகளை வைத்து மீண்டும் கணக்கிடப் போகிறேன். ஒரே ஒரு தடை, என் நெறியாளர் இறுதியில் ஒரே மதிப்பெண் வேண்டும் என்கிறார். தலைப்புவாரியாகத் தனித்தனியே காட்டுவதே சரி என்று எனக்குப் படுகிறது. எது முறை?

வார்டு நிதி:

உங்கள் நெறியாளர் பக்கம் நின்று ஒரு வார்த்தை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு நிதி என்று முடிவெடுக்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஐம்பது பகுதிகளுக்கு எட்டுத் தலைப்புகளில் தனித்தனி வரைபடம் கொண்டுவந்து வைத்தால், அதை ஒருவரும் முழுவதும் படிப்பதில்லை. படிக்காத அறிக்கை முடிவைத் தீர்மானிக்காது. கூட்டத்தில் உரக்கப் பேசுபவர் தீர்மானிப்பார். குறைகள் இருந்தாலும் ஒரே எண் என்பது, பேச ஆளில்லாத பகுதிகளுக்குக் கிடைக்கும் ஒரு பிடிமானம். எண்ணை எப்படி அடைந்தீர்கள் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள், ஆனால் எண்ணைக் கொடுங்கள். நுணுக்கமாகப் பேசுகிறேன் என்று கடைசியில் ஒன்றும் சொல்லாமல் விடுவது ஆய்வாளர்களுக்குக் கட்டுப்படியாகலாம், எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

எண்கணக்கன்:

வார்டு நிதி அவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஒரே எண்தான் வேண்டும் என்றால், கூட்டுச் சராசரியையாவது கைவிடுங்கள். மூன்று தலைப்புகளில் 90, 90, 10 பெற்ற பகுதிக்குக் கூட்டுச் சராசரி 63, பார்வைக்கு மோசமில்லை. பெருக்குச் சராசரி (மூன்றையும் பெருக்கி, மூன்றாம் படி மூலம் எடுப்பது) 43-தான். ஒன்றில் மோசமாக இருப்பதை இன்னொன்றில் ஈடுகட்டிவிடலாம் என்ற சலுகையைக் கூட்டுச் சராசரி தாராளமாகத் தருகிறது. பெருக்குச் சராசரி அதைச் சுருக்குகிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சிக் குறியீடு 2010-இல் கூட்டுச் சராசரியை விட்டுப் பெருக்குச் சராசரிக்கு மாறியதற்கும் இதுவே காரணம். கவனிக்க: ஏதாவது ஒரு தலைப்பில் 0 வந்தால் மொத்தமும் 0 ஆகிவிடும், ஆகவே அளவின் கீழ்நுனியை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

சில விஷயங்களுக்குச் சராசரியே பொருந்தாது என்பது என் கருத்து. குடிநீர், கழிவுநீர் அகற்றம், வெள்ள அபாயம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச வரம்பு வையுங்கள். அந்த வரம்புக்குக் கீழே உள்ள பகுதிக்கு மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், பெயருக்கு அருகில் எந்த வரம்பில் தவறியது என்று எழுதிவிடுங்கள். முழங்கால் அளவு வெள்ளம் ஆண்டுதோறும் புகும் தெருவுக்கு நல்ல நூலகம் ஈடாகாது. நிதி ஒதுக்குபவருக்கும் இது வசதி: முதலில் வரம்பில் தவறியவை, பிறகு மற்றவை மதிப்பெண் வரிசையில்.

வெயிட்டேஜை யார் முடிவு செய்வது என்று தொடக்கத்தில் கேட்டிருந்தீர்கள். நிபுணர்களிடம் இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்லி வெயிட்டேஜ் பெறும், தாமஸ் சாட்டி வகுத்த ஏ.எச்.பி. முறை ஆய்வேடுகளில் பரவலாக இருக்கிறது. அதே கேள்வித்தாளைக் குடியிருப்பவர்களிடமும் கொடுங்கள். இரண்டு தொகுதிகளையும் கலந்து சராசரி எடுத்துவிடாமல், இரண்டு முடிவுகளாகவே வெளியிடுங்கள்.

நகரமைப்பாளர்:

இதுவரை யாரும் தொடாத ஒன்று மிச்சமிருக்கிறது: நகரியத்தின் எண்கள் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை? சான்றிதழ்களில் திட்ட நிலைக்கு ஒன்றும் கட்டி முடித்த நிலைக்கு ஒன்றும் தனித்தனியாக உண்டு. குடியேறிப் பத்து ஆண்டுகள் ஆன பிறகு யாரும் திரும்பி வந்து பார்ப்பது அரிது. ஸ்டாக்ஹோமின் ஹம்மார்பி ஷோஸ்டாட் குடியிருப்புப் பகுதி, எரிசக்தி, நீர், கழிவு மூன்றையும் ஒரே சுழற்சியில் இணைத்ததற்காக உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது. அதன் எரிசக்தி இலக்கு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 60 கிலோவாட்மணி (யூனிட்). கட்டி முடித்த பல கட்டடங்களின் நுகர்வு அதைக் கணிசமாகத் தாண்டியது. லண்டனின் தெற்கில் 2002-இல் குடியேற்றம் தொடங்கிய பெட்ஸெட் குடியிருப்பில், மரத்துகளில் இயங்கி மின்சாரமும் வெப்பமும் தர வேண்டிய நிலையமும் உள்ளேயே அமைத்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முறையும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டன. அங்கே நன்றாக நிலைத்தவை சுவரின் வெப்பத்தடை போன்ற, யாரும் இயக்கத் தேவையில்லாத அம்சங்களும், அண்டை அயலார் பழக்கமும்தான். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் உள்ள ஃபௌபான் பகுதி இதற்கு மாறானது: வண்டி நிறுத்தும் இடத்தை வீட்டோடு சேர்த்துத் தராமல், ஓரத்தில் உள்ள நிறுத்தகத்தில் தனியே விலை கொடுத்து வாங்கச் செய்தார்கள்; 2006-இல் டிராம் வழித்தடமும் உள்ளே வந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாத அந்த ஏற்பாடு இன்றும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் 17 குறிகாட்டிகளிலும் நகரியத்துக்கு நீங்கள் இட்ட மதிப்பு வடிவமைப்பு அறிக்கையிலிருந்து வந்ததா, மீட்டரிலிருந்து வந்ததா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பகுதிக்கு வடிவமைப்பு அறிக்கை என்று ஒன்று இல்லை. அதன் எண்கள் எல்லாம் மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும்போது எடுத்தவை. ஒன்றின் வாக்குறுதியையும் மற்றொன்றின் நடப்பையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வைக்கக் கூடாது. நகரியத்தின் குடியிருப்போர் சங்கத்திடம் ஓர் ஆண்டு மின்கட்டணப் பட்டியலும் தண்ணீர் லாரிகளின் பதிவேடும் கேட்டுப் பாருங்கள். தர மறுத்தால், அந்தக் கட்டங்களில் வடிவமைப்பு மதிப்பை நிரப்பாமல் காலியாகவே விட்டு, தரவு கிடைக்கவில்லை என்று எழுதுங்கள்.